கிடா விருந்தில் ஜெயித்த போர்

பாளையக்காரர் போரில் தோற்று, தலைப்பாகைகூட இல்லாமல் ஓடி வந்ததை ஊரே பார்த்தது. பார்த்து என்ன செய்ய? அரண்மனைப் புலவர் அன்றைக்கே 'மாபெரும் வெற்றி' என்று எழுதி முடித்துவிட்டார். சோறு போடுகிற பக்கம்தானே புலவர் எழுத்தாணி சாயும்!

பறையடித்துச் சேதி சொல்லும் கொம்பையாவைக் கூப்பிட்டார் புலவர். "பொழுது சாய்வதற்குள் ஊர் இதை நம்ப வேண்டும். இல்லாவிட்டால் உன் மானிய நிலம் உனக்கில்லை."

"ஆகட்டும் சாமி" என்று போன கொம்பையா தெருத்தெருவாகப் பறையடித்தான். "நம்ம ராசா ஜெயித்துவிட்டார்! ஜெயித்தால் ஊருக்குக் கிடா விருந்து போடுவது வழக்கமல்லவா? எல்லோரும் அரண்மனைக்கு வாருங்கள்!"

ஊர் உடனே நம்பியது. "எதிரி ஓடியதை என் கண்ணாலே பார்த்தேன்" என்று சொல்லிச் சொல்லி, இரண்டாம் தடவையும் கறி வாங்கினார்கள். அரண்மனை ஆட்டுக்கொட்டில் காலியானது.

"விருந்தென்று யாரடா சொல்லச் சொன்னது?" என்று பாய்ந்தார் புலவர்.

"கண்ணால் பார்த்ததை ஊர் மறக்க வேண்டுமென்றால், வாயில் ஏதாவது வைக்க வேண்டாமா சாமி?"

கேட்டுக்கொண்டிருந்த பாளையக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நிலம் கொம்பையாவிடமே இருந்தது.

மறு வருஷமும் அவர் தோற்றுத்தான் வந்தார். ஓலையோடு ஓடி வந்த புலவரைக் கையமர்த்தினார்.

"இந்தத் தடவை நடந்ததையே எழுதும், ஐயா. வெற்றி நமக்குக் கட்டுப்படியாகாது."