சாம்பாரில் விழாத பல்லி

கோவையில் நாச்சிமுத்து ஒரு சமூக வலைத்தளம் நடத்தினார். பிளாக்செயினில் ஓடுவதால், அதில் எழுதியதை அவராலேயே அழிக்க முடியாது. அதில் அவருக்கு அத்தனை பெருமை. ஒருநாள் யாரோ அதில், "ஆபீஸ் கேன்டீன் சாம்பாரில் பல்லி" என்று பொய்யாக எழுதிவிட்டார்கள். நாச்சிமுத்து தன் ஆபீஸ் கேன்டீன் சமையல்காரி துளசிமணியை அறைக்குக் கூப்பிட்டார்.

"அழிக்க முடியாத இடத்துல பதிஞ்சிருக்கு. உண்மையாத்தான் இருக்கும். நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

துளசிமணி அங்கேயே கைபேசியை எடுத்து ஒரு வரி பதிந்தாள்: "இனி சனிக்கிழமை லீவு என்று முதலாளி சொன்னார்." வெளியே ஊழியர்கள் கைதட்டும் சத்தம் கேட்டது.

"நான் எப்பச் சொன்னேன்?" என்றார் நாச்சிமுத்து.

"அழிக்க முடியாத இடத்துல பதிஞ்சிருக்குதுங்களே," என்றாள் துளசிமணி. "பூட்டு நல்ல பூட்டுதானுங்க. உள்ள வெச்சது தங்கமா பித்தளையான்னு பூட்டுக்குத் தெரியாதுங்க."

நாச்சிமுத்து பல்லிச் செய்திக்குக் கீழே "இது பொய்" என்று எழுதினார். லீவுச் செய்திக்கும் அப்படியே எழுதப் போனார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஊழியர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மதியத்துக்கு மேல் மட்டும் லீவு" என்று எழுதினார்.