கேட்காத திசை

"மேடம், நம்ம மெஷின் செவிடு," என்றார் தணிகாசலம்.

மெகருன்னிசா டீயைக் கீழே வைத்தார்.

இந்தக் கதையில் சீடருக்குத்தான் நரை அதிகம். தணிகாசலம் ரயில்வே சிக்னல் வேலையை விட்டுவிட்டு வானம் படிக்க வந்தவர். ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் கருவியைத் தம் கையால் பூட்டியவர்களில் ஒருவர். அவருக்குப் பாடம் சொன்ன மெகருன்னிசா வயதில் நன்றாக இளையவர். ஒருவர் சார் என்பார், மற்றவர் மேடம் என்பார். யார் குரு என்று வெளியாளுக்குத் தெரியாது.

"என்ன ஆச்சு சார்?"

"எங்கேயோ ரெண்டு நட்சத்திரம் மோதியிருக்கு. அந்த அதிர்வு பூமியைக் கடந்து போயிருக்கு. நம்மளோட சேர்ந்திருக்கிற மத்த ரெண்டு நாட்டுக்கும் கேட்டிருக்கு. நமக்கு மட்டும் ஒண்ணுமே விழல."

"மெஷின் ஓடிட்டிருந்துச்சா?"

"நல்லா ஓடிட்டிருந்துச்சு. அதான் மானம் போகுது."

அதிர்வு வந்த நேரத்தில் தங்கள் கருவிக்கு என்ன கேட்டது என்று மூன்று நாட்டாரும் ஒருவருக்கொருவர் உடனே சொல்லிவிட வேண்டும். அதுதான் அவர்களுக்குள் பேச்சு. தணிகாசலம் அனுப்ப இருந்ததைத் திரையில் காட்டினார். 'கருவி பராமரிப்பில் இருந்தது.'

"பொய்யா சார்?"

"அடுத்த வாரம் மேலிடத்துலேர்ந்து பார்க்க வர்றாங்க. செவிட்டு மெஷின் எதுக்குன்னு இழுத்து மூடிட்டுப் போயிடுவாங்க. தூங்கிட்டிருந்துச்சுன்னு சொல்லிட்டா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. எப்படியும் நம்மகிட்ட கொடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

மெகருன்னிசாவுக்குக் கோபம் வரவில்லை. அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"மோதின இடம் தெரிஞ்சுதா?"

"இல்ல. ரெண்டு பேர் கேட்டதை வச்சுப் பார்த்தா வானத்துல ஒரு நீளப் பட்டைதான் வருது. அவ்வளவையும் தேட முடியாது. தெற்கே தொலைநோக்கி வச்சிருக்கறவங்களுக்கு இப்பதான் இருட்டுது. எந்தப் பக்கம் திருப்பறதுன்னு தெரியாம உக்காந்திருக்காங்க. மோதினதுல வந்த வெளிச்சம் சீக்கிரம் அணைஞ்சிடும்."

மெகருன்னிசா எழுந்து வாசலுக்குப் போனார். வெளியே கருவியின் இரண்டு குழாய்கள், ஒன்று கிழக்கே, ஒன்று வடக்கே, கண்ணுக்கெட்டிய தூரம் ஓடின.

"சார், எல்லா மெஷினுக்கும் காது கேட்காத திசைன்னு உண்டில்ல? நம்மளுக்கு எது?"

"நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

"மறந்துட்டேன். காட்டுங்க."

தணிகாசலம் சலிப்போடு வந்து, இரண்டு குழாய்களுக்கும் சரிநடுவே தொடுவானத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"அங்கேர்ந்து வந்தா கேட்காது. அப்புறம் அதுக்கு நேர் எதிர்ப்பக்கம். அப்புறம்..."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"மேடம், அந்தப் பட்டை இந்தப் பக்கமாத்தான் போகுது."

"தூங்கிட்டிருந்த மெஷினுக்கு எல்லாத் திசையும் ஒண்ணுதான் சார்," என்றார் மெகருன்னிசா. "முழிச்சிருந்தும் கேட்கலைன்னாத்தான் திசை தெரியும்."

தணிகாசலம் உள்ளே ஓடினார். அந்த வயதுக்கு அது நல்ல ஓட்டம். எழுதியிருந்ததை அழித்தார். 'விழித்திருந்தோம். ஒன்றும் கேட்கவில்லை' என்று எழுதினார். கருவியின் பதிவு முழுவதையும் கூடச் சேர்த்தார். அடுத்த வாரம் வரப்போகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். பயமாகத்தான் இருந்தது. அனுப்பிவிட்டார்.

மெகருன்னிசா ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

பதில் தெற்கிலிருந்து வந்தது. தணிகாசலம் தமக்குள் ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வாய்விட்டுப் படித்தார்.

"வெளிச்சம் தெரிகிறது. விழித்திருந்ததற்கு நன்றி."