மூன்றாவது சாவி

பெரியநாயகி அம்மைக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் வைரவநாதனுக்கு ஐம்பத்தெட்டு. வயதில் சின்னவரைக் குருவாகக் கொண்டதில் வைரவநாதனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. தனக்குத் தலைக்கனம் இல்லை என்று ஊருக்குக் காட்ட அதைவிட வசதியான வழி கிடையாது.

அன்று காலை அவர் செருப்போடு மடத்துக்குள் வந்துவிட்டார். பாதி வழியில் நினைவு வந்து, திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார். அம்மை கூடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க வைரவரே."

உட்கார்ந்தார். உடனே எழுந்தார். கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"ஒரு கேள்வி இருக்கும்மா."

"கேளுங்க."

"தேர்தலத் தள்ளி வைக்கலாமா?"

எந்தத் தேர்தல் என்று அம்மை கேட்கவில்லை. அந்த வட்டாரத்தில் ஒரே ஒரு தேர்தல்தான் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டிருந்தது.

வடகரை, தென்கரை என்று இரண்டு ஊர். நடுவில் ஒரு கண்மாய். அதற்கு ஒரே மடை. இரண்டு ஊரும் சேர்ந்து மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஓட்டுப் போட்டு ஒருவரைக் கண்மாய்த் தலைவர் ஆக்குவார்கள். இப்போதைய தலைவர் வடகரை வைரவநாதன்.

தலைவர் என்பதற்காக அவர் நினைத்த நேரத்தில் மடையைத் திறந்துவிட முடியாது. மடைக்கு மூன்று பூட்டு. ஒரு சாவி வடகரையில், ஒரு சாவி தென்கரையில். மூன்றாவது சாவியை, அந்தக் கண்மாய்த் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தன் நிலத்தில் பாயாத ஒருவர்தான் வைத்திருக்க வேண்டும். கண்மாய்க்குள் ஒரு கல் நிற்கிறது. கல்லில் ஒரு கோடு. தண்ணீர் இறங்கிக் கோடு வெளியே தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு எந்த வயலுக்கும் தண்ணீர் கிடையாது. மிச்சம் மாட்டுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும். கோட்டைப் பார்த்துச் சொல்வது மூன்றாவது சாவிக்காரரின் வேலை. பதினான்கு வருடமாக அந்தச் சாவி ஆடு மேய்க்கும் ஆவுடை என்ற பெண்ணிடம் இருந்தது.

இருந்தது என்று சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. இருந்தாலும் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

போன தை மாதம் நெல் பால் பிடிக்கிற நேரத்தில் கோடு தெரிந்துவிட்டது. வடகரைக்கு இன்னும் ஒரு தடவை தண்ணீர் வேண்டும். தென்கரைக்கும் வேண்டும். ஆவுடை கல்லைப் பார்த்தார். "தெரியுதுங்க. திறக்க முடியாது" என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

வைரவநாதன் ஊர் கூடும் வடகரைச் சாவடிப் படியில் ஏறிப் பேசினார். ஆவுடை தன் ஆட்டுக்கிடையை ஒரு மாதம் வடகரைப் புஞ்சையில் போடுவார், மறு மாதம் தென்கரைப் புஞ்சையில். ஆட்டுப் புழுக்கை நிலத்துக்கு உரம். அந்த மாதம் தென்கரையின் முறை. அடுத்த மாதம் கிடை தங்கள் புஞ்சைக்கு வரும் என்று கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பேசியவருக்கும் தெரியும்.

"அவ ஆடு தென்கரையில கிடக்கு" என்றார் வைரவநாதன். "மனசு எங்கய்யா கிடக்கும்?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்று மத்தியானமே கடப்பாரையோடு போய் மூன்று பூட்டையும் உடைத்தார்கள். தண்ணீர் வடகரைக்கு மட்டும் போயிற்று. வடகரை நெல் பிழைத்தது, தென்கரை நெல் பதராயிற்று. பங்குனியில் இரண்டு ஊர் மாடும் வாயில் நுரையோடு காய்ந்த சேற்றை நக்கின. வடகரையில் வைரவநாதனுக்குச் சால்வை போட்டார்கள். அதற்கப்புறம் ஒரு ஊர்க்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு மறு ஊர்க்காரன் போவதில்லை. டீக்கடைகூட ஊருக்கு ஒன்றாகிவிட்டது.

இந்த வருடம் நல்ல மழை. கண்மாய் நிறைந்து கிடக்கிறது. தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கிறது.

"தள்ளி வைக்கணும்னு ஏன் தோணுது?" என்றார் அம்மை.

"தோத்தா சேவுகன் வருவான்மா. போன தடவ என்கிட்டத் தோத்த தென்கரைக்காரன். அவன் நெல்லுதான் பூராவும் பதராப் போச்சு. வந்த மறுநாளே மடையத் தெக்க திருப்பி எங்க வயலக் காய வச்சிருவான்."

"அப்படிச் சொன்னாரா?"

"சொல்லணுமா? நான் அவனா இருந்தா அதத்தான செய்வேன்."

அம்மை மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தார்.

"மடையில இப்ப என்ன பூட்டு கிடக்கு?"

"பூட்டு ஏது? காவல் போட்டிருக்கேன். பன்னெண்டு பேரு. எல்லாம் நம்ம ஆளுக."

"நல்லாப் பாத்துக்கிறாகளா?"

வைரவநாதன் ஜன்னல்வரை போய்த் திரும்பினார். "ரெண்டு தடவ திறந்துட்டானுக."

"தென்கரைக்காரங்களா?"

"இல்லம்மா. காவக்காரனுகளேதான். அதுல ஒருத்தன் என் மச்சினன். அவன் வயலுக்கு மட்டும் வச்சுக்கிட்டான்."

"கேக்கலையா?"

"கேட்டேன். நீங்க உடைச்சப்ப யார் சாவியக் கேட்டீக மச்சான்னு திருப்பிக் கேக்குறான். இப்ப காவலுக்கு ஒரு காவல் போடணும்போல இருக்கு. எனக்குச் சோறு இறங்கல. அதான் சொல்றேன், ஒரே ஒரு வருஷம் தேர்தல் வேணாம். எல்லாம் அடங்கட்டும். ஊரு நல்லதுக்குத்தான கேக்குறேன்."

"பூட்டப் போடுங்க" என்றார் அம்மை.

"தேர்தலு?"

"மொதல்ல பூட்டு."

வைரவநாதனுக்கு முகம் தெளிந்தது. பெரிய ஆபரேஷன் என்று பயந்து போனவருக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்ததுபோல் சந்தோஷமாகப் படி இறங்கினார்.

மூன்று நாளில் கொல்லர் மூன்று பூட்டும் செய்து கொடுத்துவிட்டார். ஒரு சாவியை வடகரையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு வைரவநாதன் தென்கரைக்குப் போனார். பத்து மாதத்தில் அதுதான் முதல் தடவை. வழியில் யாரும் அவரை வாங்க என்று சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. சேவுகன் வாசலில் நிற்க வைத்தே பேசினார்.

"மூணாவது சாவி யாருகிட்ட?"

"ஆவுடைகிட்டதான்."

"அவுக வாங்கிட்டாகளா?"

"இனிமேதான் போகணும்."

"அவுக வாங்கட்டும். நான் வாங்குறேன்."

ஆவுடை மேட்டுக்காட்டில் ஒரு குட்டியின் காலை மடியில் வைத்துக் குளம்பில் ஏறியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். வைரவநாதன் பக்கத்தில் போய் நின்றார்.

"ஆவுடை, சாவி கொண்டாந்திருக்கேன்."

"எதுக்குங்க?"

"பழையபடி நீயே வச்சுக்க."

"வச்சுக்கிட்டு?"

"கல்லப் பாத்துச் சொல்லு."

"நான் கோடு தெரியுதுன்னு சொன்னா வடகரை நம்புமா?"

வைரவநாதன் ஆடுகளைப் பார்த்தார்.

"நம்பாது" என்றார்.

"ஏன் நம்பாது?"

இந்த இடத்தில் பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது கஷ்டமான காரியம் அல்ல. ஆனால் அந்தப் பாழாய்ப்போன மேட்டில் கைதட்ட ஆள் இல்லை.

"நான் அப்படிச் சொல்லி வச்சேன்" என்றார்.

"எம் மகளுக்கு வடகரையில மாப்பிள பேசி முடிச்சிருந்துச்சு. நீங்க பேசுன மறுநாளு வேணாம்னுட்டாக. வெலைக்குப் போனவ வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாகளாம்." ஆவுடை முள்ளை எடுத்துத் தூரப் போட்டார். குரல் உயரவே இல்லை. "எந்தப் படியில நின்னு சொன்னீகளோ அதே படியில நின்னு, சொன்னது பொய்யின்னு சொல்லுங்க. பெறகு சாவியக் கொண்டாங்க."

வைரவநாதன் நேரே மடத்துக்கு வந்தார். மத்தியான வெயிலில் மூன்று மைல் நடந்திருந்தார். அம்மை கொடுத்த மோரை வாங்கினார், குடிக்காமல் கீழே வைத்தார்.

"ஒரு ஆட்டுக்காரி என்னையப் படியேறிப் பொய்யின்னு சொல்லச் சொல்றா."

"பொய்தான?"

"பொய்தாம்மா. அதுக்காக? தேர்தலுக்கு இன்னும் இருவத்தஞ்சு நாளு. இப்பப் போயி அதச் சொன்னா எங்க ஊர்க்காரனே எனக்கு ஓட்டுப் போட மாட்டான். தோத்துருவேன்."

"தோக்கலாம்."

"சாவிய வேற ஆளுகிட்டக் குடுத்தா என்ன? எங்க பக்கம் ஒருத்தரு இருக்காரு. சொக்கத் தங்கம். அவருக்கும் கண்மாய்க்குக் கீழ நிலம் கிடையாது."

"யாரு?"

"எங்க சம்பந்தி."

அம்மை சிரித்துவிட்டார். வைரவநாதனும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

"நீங்க சிரிக்கிறீக. நான் கேக்குறது ஒண்ணுதான். சாவிக்காரிய ரெண்டு வார்த்த சொன்னதுல என்ன குடி முழுகிப் போச்சு? ரெண்டு ஊரும் ஓட்டுப் போட்டுத் தலைவரா ஆக்குனது என்னைய. அவள இல்ல. ஊரு தேர்ந்தெடுத்த ஆளு நானா அவளா?"

"நீங்கதான்" என்றார் அம்மை. "எத்தன ஓட்டுல ஜெயிச்சீக?"

"பதினொண்ணு." சொல்லும்போது அந்த நிலையிலும் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"பதினொண்ணுதானா? தென்கரைக்காரங்க பக்கத்துல நின்னு எண்ணிப் பாத்திருப்பாகளே."

"அது எப்படி? ரெண்டு ஊர்க்காரனும் பெட்டிப் பக்கமே வரப்படாது. அதான வழக்கம்."

"அப்ப எண்ணுனது யாரு?"

வைரவநாதனின் நடை நின்றது. கண்மாய்க்கரையில் பிறந்து வளர்ந்த அவருக்கு இந்த விஷயம் புதிதல்ல. எண்ணுவதும் மூன்றாவது சாவிக்காரர்தான், எண்ணி வெளியே வந்து முடிவைச் சொல்வதும் அவர்தான். பத்து மாதமாக அவருக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை.

"ஆவுடை" என்றார்.

"அந்த மாசம் அவுக கிடை எங்க கிடந்துச்சு?"

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"எங்க பக்கம்தான்" என்றார் கடைசியில். "வடகரைப் புஞ்சையில. என் புஞ்சையிலதான்."

"சேவுகனுக்கு அது தெரியாதோ?"

"தெரியும். வழியில பாத்துக்கிட்டேதான வந்திருப்பான்."

"முடிவக் கேட்டதும் என்ன செஞ்சாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஜெயிச்சாப் போட்டுக்கலாம்னு அவனுக்கு ஒரு மாலை கட்டி வச்சிருந்தாக. அத எடுத்துக்கிட்டு வந்து எனக்குப் போட்டான்."

"தோத்த மனுசன் அவுக எண்ணுனத நம்புனாரு. அதனாலதான் நீங்க தலைவரு" என்றார் அம்மை.

வைரவநாதன் மோரை எடுத்துக் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு சாவடியை நோக்கி நடந்தார்.