காற்றைத் துரத்திய கப்பல்

தூத்துக்குடித் துறைமுகத்துக் கப்பல்களில் 'கடல்மணி' ஒரு தினுசு. அதைக் கட்டியவர்கள் சரக்குக்கு இடம் விட்டார்கள், சமையலுக்கு இடம் விட்டார்கள், புத்திக்கு இடம் விட மறந்துவிட்டார்கள்.

கேப்டன் பெயர் தொம்மை. சுக்கான் பிடிப்பவர் மச்சாது, இயந்திரம் பார்ப்பவர் சிலுவைப்பிச்சை. மூவரும் சொன்னதைச் செய்வதில் கெட்டிக்காரர்கள். சொன்னதற்கு மேல் ஓர் எள்ளளவும் யோசித்தவர்கள் இல்லை.

டீசல் மிச்சம் பிடிக்க ஆசைப்பட்ட முதலாளி, கப்பல் நடுவில் விமான இறக்கையைச் செங்குத்தாக நட்டதுபோல ஓர் இரும்புப் பாயைப் பூட்டினார். மடக்கவும் செய்யலாம், நிமிர்த்தவும் செய்யலாம். பக்கவாட்டில் அடிக்கும் காற்று அதைத் தழுவிப் போகும்போது கப்பலை முன்னே இழுக்குமாம்.

"டீசல் மிச்சமாகலன்னா பாயையும் இறக்கிருவேன், உம்மையும் இறக்கிருவேன். வெங்காயக் குடோனுக்கு ஒரு வாட்ச்மேன் வேணும்வே" என்றார் முதலாளி. கேப்டன் ஆவதற்குத் தொம்மை இருபது வருஷம் நாயாய் அலைந்திருந்தார்.

பாயைப் பூட்டிய இன்ஜினியரம்மா சோதனையை விளக்கினார். கொழும்புக்கு வெங்காயம் கொண்டுபோகும் வழியில் ஒரு மணி நேரம் பாயை மடக்கி ஓட்ட வேண்டும், அடுத்த ஒரு மணி நேரம் நிமிர்த்தி ஓட்ட வேண்டும், இரண்டிலும் எரிந்த டீசலைக் குறிக்க வேண்டும். "ரெண்டு தடவையும் அதே காத்தா இருக்கணும். இல்லன்னா சோதனை செல்லாது" என்று அழுத்திச் சொல்லிவிட்டுக் கரையிலேயே நின்றுகொண்டார். புத்திசாலி.

முதல் ஒரு மணி நேரம் ஒழுங்காக நடந்தது. இருநூறு லிட்டர் என்று குறித்தார்கள். பாயை நிமிர்த்தப் போன சமயத்தில் மச்சாதுக்குச் சந்தேகம் வந்தது.

"கேப்டன், இம்புட்டு நேரம் அடிச்ச காத்து இப்ப எங்க இருக்கு?"

தொம்மை வடகிழக்கே கையைக் காட்டினார்.

"அப்ப இப்ப அடிக்கது வேற காத்துல்லா?"

சிலுவைப்பிச்சை மோந்து பார்த்தார். முந்தின காற்றில் கருவாட்டு வாடை இருந்தது, இதில் இல்லை என்று சாட்சி சொன்னார். தொம்மைக்குக் குடோன் வாசல் கண்முன்னே வந்து நின்றது. "ஒரு மணி நேரந்தான முந்திப் போயிருக்கு. விரட்டிப் பிடிச்சிருவோம்" என்றார்.

கப்பல் கொழும்பு வழியை விட்டுவிட்டு வடகிழக்கே திரும்பியது. காற்றும் கப்பலும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போனால் மேல்தளத்தில் காற்றே தெரியாது. சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். கொடி துவண்டு தொங்கியதைப் பார்த்த இவர்களோ காற்றைப் பிடித்துவிட்டதாக நினைத்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். உடனே பாயை நிமிர்த்தினார்கள். அது சும்மா நின்றது.

ஏன் இழுக்கவில்லை என்று நெடுநேரம் ஆலோசித்தார்கள். ஓடி ஓடிக் காற்றுக்கு இளைத்திருக்கும், கொஞ்சம் ஆறட்டும் என்று முடிவாகி, சிலுவைப்பிச்சை இயந்திரத்தை நிறுத்தினார். கப்பல் தணிந்ததும் பின்னாலிருந்து சிலுசிலுவென்று காற்று அடித்தது.

"தப்பிச்சு ஓடுது கேப்டன்" என்றார் மச்சாது.

மறுபடி துரத்தினார்கள். மறுபடி பிடித்தார்கள். மறுபடி இளைப்பாற விட்டார்கள். இப்படி ஏழு தடவை ஆனபின், ராமேஸ்வரத்துக்குத் தெற்கே ஒரு மணல்திட்டில் ஏறிக் கப்பல் குந்திக்கொண்டது. இயந்திரம் அடங்கிவிட்டது. தொம்மை தலையில் கைவைத்து வாய்விட்டு அழுதார்.

சிலுவைப்பிச்சைதான் டீசல் மானியை எட்டிப் பார்த்தார். பாய் நிமிர்ந்திருந்தது, காற்றும் அடித்தது, முள் அசையவே இல்லை. தொம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு செய்தி அனுப்பினார்: பாய் மடக்கி இருநூறு லிட்டர், மணல்திட்டில் பாய் நிமிர்த்தி ஒரு சொட்டும் இல்லை. எதற்கும் நிச்சயப்படுத்திக்கொள்ள மூன்று நாள் அங்கேயே இருந்து பார்த்தார்கள். வெங்காயம் முளைவிட்டது. முள் அசையவில்லை.

இன்ஜினியரம்மா போனில் கத்தினார், கப்பல் நகரவே இல்லையே என்று.

"நகரணும்னு நீங்க சொல்லலியே மேடம்" என்றார் தொம்மை பணிவாக.

அடுத்து முதலாளி கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது. "உம்ம வேலைய எவனும் தொட முடியாது வே. மத்த நாலு கப்பலுக்கும் பாய் சொல்லியாச்சு. அந்த மணல்திட்டு எங்க கிடைக்கும்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லும். அதும் நாலு வேணும்."

அளவு தெரியாமல் எப்படி விசாரிப்பது? தொம்மை ஒரு கயிற்றைக் கொடுத்து, திட்டைச் சுற்றி அளந்துவர மச்சாதைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்.