புல்லுருவி மொட்டு

புல்லுருவி மொட்டு திறப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கோம்பையா பார்த்தார். அறுபது வயதில், தோளில் பையோடு.

அந்த மடத்தில் பொழுது சாய்ந்தால் சீடர்கள் எல்லாரும் பாடுவார்கள். கோம்பையா வந்து ஆறு மாதம் ஆகிறது. தொண்டையில் சுதி நிற்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பதோடு சரி.

"பாட்டுக்குத் திறக்காத வாய், பந்திக்கு மட்டும் திறக்குது" என்று நேற்று ஒருத்தன் காதில் விழச் சொன்னான். குரு பாடிக்கொண்டிருக்கும்போதே கோம்பையா எழுந்து போய்விட்டார். விடிந்ததும் பையைக் கட்டினார்.

குரு தவமணி அவரைவிட முப்பது வயது இளையவள். மாமரத்தடியில் நின்றிருந்தாள்.

"போயிட்டு வாரேன், தாயி."

"ஏன் ஐயா?"

கோம்பையா மேலே காட்டினார். மாங்கொப்பில் ஒட்டிக்கொண்டு புல்லுருவி கொழுகொழுவென்று மொட்டு விட்டிருந்தது. பக்கத்தில் ஒரு தேன்சிட்டு விடாமல் பாடியது.

"இங்கே எல்லாரும் அந்தச் சிட்டு. நான் இந்தப் புல்லுருவி. ஒட்டிக்கிட்டுத் தின்னுறவன். ரெண்டுல எது உசத்தின்னு நீங்களே சொல்லுங்க."

"சொல்றேன். முதல்ல ஒரு மொட்டைத் திறந்து காட்டுங்க. கிழியக் கூடாது."

தாழ்ந்த கொப்புதான். நகத்தால் நெம்பினார், கிழிந்தது. ஊதிப் பார்த்தார், அசையவில்லை. நாலாவது மொட்டு காம்போடு கையில் வந்துவிட்டது.

"இது திறக்காது, தாயி."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

சிட்டு பாட்டை நிறுத்திவிட்டு வந்தது. மொட்டின் நுனியை அலகால் லேசாக அமுக்கியது. பட்டென்று மொட்டு வெடித்து விரிந்தது. சிட்டின் நெற்றியெல்லாம் பூந்தூள். தேனைக் குடித்துவிட்டு அடுத்த மொட்டுக்குத் தாவியது. பட். அதற்கடுத்தது. பட்.

பை நழுவி விழுந்ததுகூடக் கோம்பையாவுக்குத் தெரியவில்லை. "தாயி, அங்க பாருங்க, இன்னொண்ணு. அந்தா, அந்தா. இதுக்குத்தான் இத்தனையும் வாயை மூடிக்கிட்டுக் கிடந்துச்சா?" எக்கி எக்கிப் பார்த்தார்.

வயிறு நிறைந்த சிட்டு அதே கொப்பில் உட்கார்ந்து மறுபடியும் பாட ஆரம்பித்தது.

"மாமரந்தான் பாவம்" என்றார்.

"அது இன்னும் என்கிட்டப் புகார் சொல்லலை."

"எது உசத்தின்னும் நீங்க சொல்லலையே, தாயி?"

தவமணி கீழே கிடந்த பையை எடுத்து, மண்ணைத் தட்டி, தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நேத்து நீங்க எழுந்து போனதும் என் பாட்டு பாதியில நின்னுபோச்சு. இன்னைக்கு அதை முடிக்கணும். சாயங்காலம் முன்வரிசையில வந்து உக்காருங்க, ஐயா."