வாகை மரம் சொத்தை என்று சொன்ன மரங்கொத்தி

மரங்கொத்தி மரத்தைக் கொத்தாமல் இருந்த காலம் அது. மனிதரோடு சரிசமமாகப் பேசும். அடிமரத்தில் காதை வைத்தால் போதும், உள்ளே வைரம் பாய்ந்திருக்கிறதா, சொத்தை விழுந்திருக்கிறதா என்று அதற்குத் தெரிந்துவிடும்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வெயிலுகந்தான் என்று ஒரு கடைசல்காரன் இருந்தான். மரக்கட்டையைச் சுழலவிட்டு உளி பிடித்து மரவை, பம்பரம், கட்டில்கால் எல்லாம் கடைவது அவன் தொழில். ஆனால் அதற்கென்று அவன் ஒரு மரத்தையும் வெட்டியதில்லை. வழியை மறைக்கிறது, வயலில் நிழல் விழுகிறது என்று யாராவது ஒரு மரத்தைச் சாய்த்துப் போட்டால் மரங்கொத்தி பறந்துவந்து சொல்லும். அவன் போய் எடுத்துக்கொள்வான். சாய்த்துப் போட்ட மரத்துக்கு விலை கிடையாது. நல்ல மரம் கடைசல்காரனுக்கு, சொத்தை மரம் கரி சுடுகிறவனுக்கு என்பது ஊர் வழக்கம். அறுக்கும்போது கிடைக்கும் புழுக்களை வெயிலுகந்தான் ஒரு சிரட்டையில் மரங்கொத்திக்கென்று எடுத்துவைப்பான். அண்ணன், தங்கச்சி என்றுதான் இருவரும் பேசிக்கொள்வார்கள்.

ஒரு கோடையில் அவன் மனைவி ஆவுடை நிறைமாதமாக இருந்தாள். வெகுகாலம் காத்திருந்து வந்த பிள்ளை. அதற்குத் தன் கையால் ஒரு தொட்டில் கடைய வேண்டும் என்று அவனுக்கு ஆசை. தோதான மரம்தான் அமையவில்லை.

அப்போது கால்வாய் வெட்ட வந்தவர்கள் கரையில் நின்ற பெரிய வாகையைச் சாய்த்தார்கள். மரம் புதர்மேல் மெதுவாகச் சரிந்தது. அதன் கிளைப் பொந்து ஒன்றில்தான் மரங்கொத்தி குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகளுக்கு அடி எதுவும் படவில்லை. ஆனால் அவற்றுக்கு இன்னும் இறகு முளைத்திருக்கவில்லை.

இந்த முறை வெயிலுகந்தானே தேடி வந்தான். "தங்கச்சி, கால்வாய்க் கரையில வாகை சாய்ஞ்சு கிடக்காமே. பார்த்தியா?"

மரங்கொத்திக்கு அவனுடைய ரம்பம்தான் கண்முன் வந்தது. "பார்த்தேன்ணே. உள்ள முழுக்கச் சொத்தை. உங்களுக்கு ஆகாது."

"நீ சொன்னா சரிதான்" என்று அவன் திரும்பிவிட்டான். போகிற வழியில் கரி சுடும் கொம்பையா எதிரே வந்தான். "கரையில கிடக்கிற வாகை சொத்தையாம் மச்சான். நீர் எடுத்துக்கிடும்" என்று அவனிடம் சொல்லிவிட்டு வெயிலுகந்தான் நடந்தான்.

மறுநாள் காலையில் கொம்பையா கோடாரியும் நெருப்புச் சட்டியுமாக வந்து சேர்ந்தான். கிடந்த இடத்திலேயே கரிமூட்டம் போட்டுவிடலாம் என்று வேர்ப்பக்கம் சுள்ளிகளைக் குவித்தான். மரங்கொத்தி பதறிப்போய் அவன்முன் வந்து இறங்கியது.

"இதை விட்டுடுங்க. உள்ள என் பிள்ளைக இருக்கு."

"நேத்து சொத்தைன்னு சொன்னியாம். இன்னைக்குப் பிள்ளைகங்கிறே. நான் எதை நம்ப?" என்றபடி கொம்பையா நெருப்பை ஊதினான்.

மரங்கொத்தி நேரே வெயிலுகந்தானின் பட்டறைக்குப் பறந்தது.

"அண்ணே, நான் பொய் சொல்லிட்டேன். அது நல்ல மரம். என் பிள்ளைக அதுலதான் இருக்கு. கொம்பையா தீ வைக்கிறாரு."

வெயிலுகந்தான் உளியைக் கீழே வைத்தான். கரையைப் பார்த்து ஓடினான். போய்ச் சேரும்போது வேர்ப்பக்கம் புகை எழும்பியிருந்தது.

"நீ எனக்குக் குடுத்த மரம் மாப்ளே" என்றான் கொம்பையா.

"சொத்தைன்னா உமக்குத்தான். நான் பார்க்காமலே சொல்லிட்டேன். இப்பப் பார்க்கிறேன்."

அவன் விரல்களை மடக்கி அடிமரத்தைத் தட்டினான். கெட்டியான சத்தம் வந்தது. தட்டிக்கொண்டே கிளைவரைக்கும் போனான். பொந்துக்குப் பக்கத்தில் தட்டியதும் உள்ளேயிருந்து குஞ்சுகள் கத்தின. தாய்தான் இரை கொண்டுவந்துவிட்டது என்று நினைத்தனபோலும். கொம்பையாவுக்கும் அது கேட்டது. அவன் காலாலேயே மண்ணைத் தள்ளி நெருப்பை மூடினான். கோடாரியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

"பொந்துக் கிளையை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை அறுத்துக்கோங்கண்ணே" என்றது மரங்கொத்தி.

"அறுத்தா அதிரும். அதுக பறக்கட்டும்."

குஞ்சுகள் பறப்பதற்கு முன்பே ஆவுடைக்குப் பெண்குழந்தை பிறந்தது. உத்தரத்தில் சேலையைக் கட்டி அதில் போட்டுத் தாலாட்டினார்கள். பொந்து காலியான பிறகுதான் வெயிலுகந்தான் வாகையை அறுத்துத் தொட்டில் கடைந்தான். வழக்கம்போலச் சிரட்டையில் புழுக்களும் எடுத்துவைத்தான். மரங்கொத்தி வந்தது, ஆனால் சாப்பிடவில்லை.

"பிள்ளைக இருக்குன்னு சொல்லியிருந்தா நான் அந்த மரத்துல ரம்பத்தை வச்சிருப்பேனா?" என்று அவன் கேட்டான்.

"மாட்டீங்க. எனக்குத் தெரியும். அந்த நேரத்துல தெரியலை" என்றது அது. "இனிமே மரத்தைப் பத்தி நான் வாயால சொல்ல மாட்டேன். மரமே சொல்லட்டும், நீங்க கேட்டுக்கோங்க" என்றது.

பிறகு எழும்பிப் போய், பட்டறைக்குப் பின்னால் நின்ற பட்டமரத்தை அலகால் தட்டியது. வெயிலுகந்தான் கீழே நின்று காதுகொடுத்துக் கேட்டான்.

அன்றைக்குப் பேச்சை விட்டதுதான். அதற்குப் பிறகு மரங்கொத்தி வாய் திறந்து எதையும் சொன்னதில்லை. நாள் முழுக்க மரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. கடைசல்காரர்களும் அன்றிலிருந்துதான், பக்கத்தில் நிற்பவர் என்ன சொன்னாலும், சாய்ந்து கிடக்கும் மரத்தை விரல் மடக்கித் தட்டிப் பார்த்து, பொந்துக்குள் ஏதும் சத்தம் வருகிறதா என்று சற்றே நின்று கேட்டுவிட்டு ரம்பத்தை எடுக்கிறார்கள்.