கீறல் விழாத ரிப்பேர்

கோயமுத்தூர் கிளப் ஒன்றின் தலைவர், மில் முதலாளி வேங்கடபதி. ஸ்னூக்கர் மேஜையில் அவர் அடிக்கிற பந்து குழியைத் தவிர எல்லா இடத்துக்கும் போகும். பழி மட்டும் ஸ்டிக் மேல். வெள்ளிப் பூண் போட்டு, தன் பெயரைச் செதுக்கி, அவர் சொல்லிச் செய்த ஸ்டிக் அது.

மேஜையருகே நின்று பாயிண்ட் சொல்லும் மாரப்பனை ஒருநாள் பிடித்துக்கொண்டார். "இதை ரிப்பேர் பண்ணு. சாயங்காலம் பந்து விழணும். மரத்துல ஒரு கீறல் விழக் கூடாது. இல்லைன்னா உனக்கு இங்கே வேலை கிடையாது!"

சாயங்காலம் மாரப்பன் ஸ்டிக்கைப் பளபளவென்று துடைத்து, ஒரு கைக்குட்டையோடு நீட்டினான். "இந்தக் கைக்குட்டையை அக்குள்ல இடுக்கிட்டு அடிக்கோணுங்க. கீழே விழுந்தா ஸ்டிக் பழையபடி ஆயிருமுங்க."

அடித்தார். சிவப்புப் பந்து குழியில் விழுந்தது. அடுத்து கறுப்பும் விழுந்தது. கூட்டம் கைதட்டியது.

"பார்த்தீங்களா, கோளாறு ஸ்டிக்லதான்! மாரப்பா, கீறலே இல்லாம எப்படிப் பண்ணினே?"

"ஸ்டிக்கைத் தொடைச்சதோட சரிங்க. றெக்கை மாதிரி அடிச்சுட்டிருந்த உங்க முழங்கையைத்தான் கைக்குட்டை பிடிச்சு வெச்சுதுங்க."

கிளப்பே சிரித்தது. வேங்கடபதிக்கும் சிரிப்பு வந்து, கை தளர்ந்து, கைக்குட்டை விழுந்தது. அவசரமாகக் குனிந்து அவரே அதை எடுத்து இடுக்கிக்கொண்டார்.